உங்களுக்குத் தெரியுமா? கூப்பிடும் பெயரும் பதிப்பு எண்ணும்

ரெட்டியார்பாளையத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் இருக்கும். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒன்று. அம்மா வாசலில் நின்று கூப்பிடுவது இன்னொன்று. பொதுத்தேர்வு வந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு தேர்வு எண்ணும் சேர்ந்துகொள்ளும். மென்பொருளுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு, பல வெளியீடுகளுக்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. பெயருக்கு என்ன வேலை, எண்ணுக்கு என்ன வேலை? இந்த வாரத் துணுக்குகள் உழவர்கரையில் தொடங்கி, உலகத்தைச் சுற்றி, மறுபடி நம் தெருவுக்கே வந்து சேர்கின்றன.

ஓர் ஊர், பல எழுத்துக்கூட்டல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,00,104 பேர் வாழ்ந்த நகராட்சி நம்முடையது. அதன் பெயரைத் தமிழில் உழவர்கரை என்று எழுதுகிறோம். ஒழுகரை என்பாரும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எழுத்துக்கூட்டலின் கடைசியில் ஒரு 'ட்' இருக்கிறது. பிரெஞ்சில் அந்த எழுத்து ஒலிக்காது. அவர்கள் வாயில் அது 'ஊல்கரே'. நம் 'கரை'யைத்தான் அப்படி எழுதினார்கள். அதையே ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் படித்தால் 'ஊல்கரெட்' ஆகிவிடுகிறது. ஆனால் ரெட்டியார்பாளையம் அஞ்சல் குறியீடு 605010 என்பதை எந்த மொழிக்காரர் எழுதினாலும் அது 605010தான். பெயர் வாய்க்கு வாய் மாறும். எண் மாறாது. கணினி உலகம் எண்ணைக் கைவிடாமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பெயர் ஓரிடம், எண் வேறிடம்

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், ஒவ்வொருவர் எழுதுவது ஒவ்வொரு மொழியில்; கடிதங்கள் வழி தவறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியின் எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: புதுச்சேரி 605001, காரைக்கால் 609602, மாகே 673310, ஏனாம் 533464. பெயரளவில் நான்கும் ஒரே அரசு. எண்ணோ, ஏனாம் ஆந்திரக் கரையில் இருப்பதையும் மாகே கேரளத்துக்குள் இருப்பதையும் காட்டிவிடுகிறது. பெயர் உறவைச் சொல்கிறது. எண் இருப்பிடத்தைச் சொல்கிறது.

மாறிய பெயர், மாறாத குறியீடு

2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரி ஆனது. 2011இல் ஒரிசா ஒடிசாவானபோது வண்டிகளின் பதிவுக் குறியீடும் 'ஓஆர்' என்பதிலிருந்து 'ஓடி' என்று மாற வேண்டியிருந்தது. நம் வண்டிகளுக்கு அந்த அலைச்சல் இல்லை. பாண்டிச்சேரி, புதுச்சேரி என்று ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுமே 'பி'யில் தொடங்கி 'ஒய்'யில் முடிகின்றன. அதனால் 'பிஒய்' என்ற குறியீடு இரண்டு பெயருக்கும் பொருந்தியது. மென்பொருளிலும் இப்படி ஒரு குறியீடு அமைந்துவிட்டால் பெரும் பேறு: மேலே பெயர் மாறினாலும் உள்ளே எதையும் திருத்த வேண்டியதில்லை.

இரண்டையும் எழுதிய புதுச்சேரிக்காரர்

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6 அன்று தொடங்குகிறது. தமிழ்க் கணக்கில் அது நள ஆண்டு ஆவணி மாதம். ஏறத்தாழ 25 ஆண்டுகள் நீண்ட அந்தக் குறிப்புகளில் ஐரோப்பியத் தேதியும் தமிழ் ஆண்டின் பெயரும் சேர்ந்தே வருகின்றன. காரணம் எளிது. 'நள' என்று மட்டும் எழுதியிருந்தால், அது 1736ஆ, 1796ஆ, 1976ஆ என்று பின்னால் வருபவர்கள் திண்டாடியிருப்பார்கள். பெயர் ஊராருக்கு, எண் கணக்குக்கு என்று இரண்டையும் பதிந்து வைத்ததால், இன்று அவர் எழுதிய ஒவ்வொரு நாளையும் தவறில்லாமல் குறிக்க முடிகிறது.

அறுபதில் சுற்றும் சக்கரம்

பிரபவ தொடங்கி அட்சய வரை தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. அதற்குப் பிறகு முதலிலிருந்து. 2025 சித்திரையில் பிறந்தது விசுவாவசு. 1965 சித்திரையில் பிறந்ததும் விசுவாவசுதான். தாத்தாவும் பேரனும் ஒரே பெயருள்ள ஆண்டில் பிறந்திருக்கலாம். திருவள்ளுவர் ஆண்டுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பொது ஆண்டோடு 31ஐக் கூட்டினால் போதும். 2025 என்றால் 2056. எண் முன்னால் மட்டுமே போகும், திரும்பி வராது. பெயரா எண்ணா என்று கணினிக்காரர்கள் விவாதிப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் பஞ்சாங்கத்தில் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது.

புயலுக்குப் பெயர் வைத்தது ஏன்?

2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' கரையைக் கடந்த நாள் அது. அந்தப் பெயரைத் தந்த நாடு மியான்மர். 2020 நவம்பரில் வந்த 'நிவர்' ஈரான் தந்த பெயர். 2024 நவம்பர் 30 அன்று நம்மை மூழ்கடித்த 'ஃபெஞ்சல்' சவூதி அரேபியா தந்தது. வானிலை ஆய்வாளர்கள் ஒவ்வொரு தாழ்வு மண்டலத்துக்கும் வரிசை எண் கொடுத்துத்தான் பின்தொடர்கிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டுப் புயலானதும் பெயர் சேர்கிறது. எச்சரிக்கை மீனவர் குப்பம் வரை ஓடிப்போய்ச் சேர வேண்டுமே! வரிசை எண் அத்தனை தூரம் ஓடாது, பெயர் ஓடும்.

முரசும் நீரும்

2020 ஏப்ரலில் வெளியான புயல் பெயர்ப் பட்டியலில் 13 நாடுகள் தலைக்கு 13 பெயர் கொடுத்தன, மொத்தம் 169. இந்தியா கொடுத்த பதின்மூன்றில் 'முரசு', 'நீர்' ஆகிய தமிழ்ச் சொற்களும் உண்டு. எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும், சொல்ல எளிதாக இருக்க வேண்டும், யார் மனத்தையும் புண்படுத்தக் கூடாது என்பவை விதிகள். பயன்படுத்திய பெயரை மறுபடி எடுப்பதில்லை. மென்பொருளுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இந்த விதிகளை அப்படியே சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

2.4.1 என்றால் என்ன?

புள்ளி வைத்த மூன்று எண்களை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண் கூடினால், ஒழுகுகிற ஓட்டை மாற்றியிருக்கிறார்கள். பிழை திருத்தம் மட்டும். நடு எண் கூடினால், புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள்; பழைய அறைகள் அப்படியே இருக்கின்றன. முதல் எண் மாறினால், வீட்டை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பழைய சாவி சேராமல் போகலாம். பல மென்பொருள்கள் இந்த ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. அப்படி இருந்தால், எண்ணைப் பார்த்தவுடனே புதுப்பிக்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்யலாம். எந்தச் செல்லப்பெயராலும் இந்தச் செய்தியைத் தர முடியாது.

3.10 பெரியதா, 3.9 பெரியதா?

கணக்குப் பாடத்தில் 3.9 பெரியது. மென்பொருளில் 3.10 பெரியது. இங்கே புள்ளி தசமப்புள்ளியாக வேலை செய்வதில்லை, இரண்டு எண்களைப் பிரிக்கும் வேலியாக நிற்கிறது. பட்டாவில் 45/9, 45/10 என்று உட்பிரிவு வரும்போது பத்தாவது மனை ஒன்பதாவதற்கு அடுத்தது என்பதில் நம் பெரியவர்களுக்குச் சந்தேகமே வராது. பதிப்பு எண்ணையும் பட்டாவைப் போலப் படிக்க வேண்டும்.

2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது நிரலாளர்கள் பலர் இதில் தடுக்கி விழுந்தார்கள். அமைப்புக் கோப்பில் 3.10 என்று அவர்கள் எழுத, கணினி அதைத் தசமமாகப் படித்துக் கடைசிச் சுழியத்தை உதறிவிட்டு 3.1 என்று எடுத்துக்கொண்டது. மேற்கோள் குறிக்குள் எழுதியதும் சரியானது.

இனிப்புக் கடை வைத்த கைபேசி

2009 ஏப்ரலில் வெளியான ஆண்ட்ராய்டு 1.5க்கு 'கப்கேக்' என்று பெயர். அதன்பின் டோனட், எக்லேர், ஃப்ரோயோ, ஜிஞ்சர்பிரெட் என்று ஆங்கில அகரவரிசையில் இனிப்புகள் வரிசை கட்டின. 2013இல் 4.4 பதிப்புக்கு 'கிட்கேட்', 2017இல் 8.0 பதிப்புக்கு 'ஓரியோ' என்று கடையில் விற்கும் பண்டங்களின் பெயரே வந்தது. அந்தக் காலத்தில் செல்போன் கடையில் கேட்டால், 'இது லாலிபாப் போன், அது மார்ஷ்மெல்லோ போன்' என்று சொல்லுவார்கள். 5, 6 என்ற எண்களைவிட அந்தப் பெயர்கள்தான் நாக்கில் நின்றன.

நெய்யப்பம் கேட்ட தேர்தல்

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, 2015 டிசம்பரில் டில்லியில் கல்லூரி மாணவர்களைச் சந்தித்தார். ஆண்ட்ராய்டுக்கு ஏன் ஓர் இந்திய இனிப்பின் பெயர் வைக்கக் கூடாது என்ற கேள்வி எழுந்தது. அம்மாவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அடுத்த பெயருக்கு இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் சொன்னார். அடுத்து வரவேண்டிய எழுத்து ஆங்கில 'என்'. வடக்கே 'நான்கட்டாய்' என்றார்கள். கேரளத்தில் 'நெய்யப்பம்' என்று சமூக ஊடகங்களில் பிரசாரமே நடந்தது. பொதுமக்களிடம் யோசனையும் கேட்டார்கள். 2016 ஜூன் 30 அன்று அறிவித்த பெயர் 'நூகா'. நம் வீட்டுக் கார்த்திகை அப்பத்தின் உறவுக்காரப் பண்டம் உலகமெங்கும் கைபேசித் திரைகளில் ஏறும் வாய்ப்பு, வாசல் வரை வந்து திரும்பியது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இனிப்பு நின்றது ஏன்?

2019இல் பத்தாவது பதிப்பு வெறும் 'ஆண்ட்ராய்டு 10' ஆனது. கூகுள் சொன்ன காரணங்கள் நாம் மனத்தில் வைக்கத் தக்கவை. சில மொழிகளில் 'எல்', 'ஆர்' ஒலிகள் பேச்சில் பிரிந்து கேட்பதில்லை; 'லாலிபாப்' என்றால் அவர்களுக்கு எந்த எழுத்து என்றே விளங்கவில்லை. 'பை' சில நாடுகளில் இனிப்பே இல்லை. மார்ஷ்மெல்லோவை ருசித்தே அறியாத நாடுகள் பல. தன்னுடைய கைபேசியில் இருப்பது புதியதா பழையதா என்பதைக்கூட அந்தப் பெயர்களால் ஒருவர் தெரிந்துகொள்ள முடியவில்லை. 10க்குப் பின் 11 என்பது யாருக்கும் புரியும். பெயர் ஒரு பண்பாட்டுக்குள் பிறக்கிறது. எல்லை தாண்டும்போது அதன் பொருள் கரைந்துவிடுகிறது.

சமையலறைக்குள் மட்டும் இனிப்பு

இனிப்புப் பெயரை வெளியே நிறுத்தினாலும் உள்ளே கூகுள்காரர்கள் நிறுத்தவில்லை. 11க்கு 'ரெட் வெல்வெட் கேக்', 13க்கு 'திராமிசு', 15க்கு 'வனிலா ஐஸ்கிரீம்'. 16ஆம் பதிப்பில் எழுத்து வரிசை 'வி'யிலிருந்து 'பி'க்குத் தாவி 'பக்லவா' ஆனது. வேலை நடக்கும் காலத்தில் எண் இன்னும் முடிவாகியிருக்காது. அதுவரை கூட்டத்தில் பேச ஒரு சொல் வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையை வீட்டில் ஏதாவது ஒரு செல்லச் சொல்லால் கூப்பிடுவோமே, அதுபோல.

பொம்மைகளின் பெயரில் ஓர் இயங்குதளம்

டெபியன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படத்துப் பாத்திரங்களின் பெயர். 1996இல் வந்த 1.1 'பஸ்'. அப்போது திட்டத்தை நடத்திய புரூஸ் பெரென்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்சார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2023 ஜூனில் வந்த 12 'புக்வார்ம்', 2025 ஆகஸ்டில் வந்த 13 'டிரிக்சி'. எப்போதும் நிலையற்றதாகவே இருக்கும் கிளைக்கு மட்டும் மாறாத பெயர் 'சிட்'. படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். இந்தக் கிளையை நிறுவினால் ஏதாவது உடையலாம் என்ற எச்சரிக்கை பெயருக்குள்ளேயே இருக்கிறது. செல்லப்பெயர் தன் வேலையைச் சரியாகச் செய்யும் இடம் இது.

எண் 1.0 எங்கே போனது?

டெபியன் பட்டியலில் 1.0 என்ற வெளியீடு கிடையாது. முடிவாகாத ஒரு பதிப்பைக் குறுந்தகடு விற்ற நிறுவனம் ஒன்று அவசரப்பட்டு 1.0 என்று விற்றுவிட்டது. குழப்பம் வராமல் இருக்க, உண்மையான வெளியீட்டுக்கு 1.1 என்று எண் கொடுத்தார்கள். முன்கூட்டியே வெளியே தெரிந்த எண்ணால் வந்த தொல்லை அது. பணி நடக்கும்போது எண்ணைச் சொல்லாமல் பெயரால் மட்டும் அழைக்கும் வழக்கத்துக்கு அதன்பின் நல்ல காரணம் கிடைத்தது.

விழுப்புரத்தில் டெபியன்

நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் விழுப்புரம். அங்கே 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன் ஆர்வலர்களின் தமிழ்நாட்டு மாநாடு நடந்தது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு அதற்குத் தோள் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் கூடியது. உலகின் பெருநகரங்கள் பலவற்றுக்கு வாய்க்காத கூட்டத்தை ஒரு மாவட்டத் தலைநகரத்துப் பிள்ளைகள் நடத்திக் காட்டினார்கள். புதுச்சேரி மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு முன்மாதிரி கிடைக்காது.

சென்னையில் பிறந்த 'பாஸ்'

சீ-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடித்தளமாக வைத்து 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் சேர்ந்து வந்தது. வெளியீடுகளின் பெயர்கள்: 5 அனோகா, 6 அனூப், 7 திருஷ்டி, 8 உன்னதி, 9 ஊர்ஜா, 10 பிரக்யா. அழகான சொற்கள்தாம், எல்லாம் வடமொழி, இந்தி வழி வந்தவை. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு ஒருமுறையாவது 'அலை' என்றோ 'சுடர்' என்றோ பெயர் வைத்திருக்கலாம். அந்த மடிக்கணினியை முதன்முதலில் திறந்த கிராமத்து மாணவிக்கு அது தன் வீட்டுப் பொருளாகத் தோன்றியிருக்கும்.

'பெங்களூரு' என்றொரு வெளியீடு

லினக்ஸ் கணினிகளின் திரை முகப்பான 'நோம்' திட்டத்தில், மாநாடு நடத்திய ஊரைச் சிறப்பிக்க அதன் பெயரையே வெளியீட்டுக்கு வைப்பார்கள். 46 'காத்மாண்டு'. 2025 மார்ச்சில் வந்த 48 'பெங்களூரு'. விருந்து வைத்தவருக்கு நன்றி சொல்லும் நல்ல வழக்கம். எண்ணிலும் ஒரு கதை உண்டு: 3.38க்குப் பிறகு 2021இல் அவர்கள் நேராக 40க்குப் போனார்கள். 4.0 என்று வைத்தால், எல்லாம் தலைகீழாக மாறிவிட்டதோ என்று மக்கள் பயப்படுவார்கள் என்பது அவர்கள் கவலை.

மாதத்தைச் சொல்லும் எண்

உபுண்டு 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பால் உறையில் தேதி அச்சிட்டிருப்பதைப் போல, எண்ணைப் பார்த்ததும் அதன் வயது தெரிந்துவிடும். 2006இல் ஏப்ரலில் வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போனது, எண்ணையும் 6.06 என்று நேர்மையாக மாற்றினார்கள். பெயர்கள் ஓர் அடைமொழியும் ஒரு விலங்குமாக ஆங்கில அகரவரிசையில் போகும். 2017இல் வரிசை முடிந்து மறுபடி 'ஏ'க்கு வந்தது. அதனால் 'பி' எழுத்தில் 2005க்கு ஒரு வெளியீடு, 2018க்கு ஒரு வெளியீடு. தமிழ் ஆண்டுச் சக்கரத்தில் பார்த்த அதே சிக்கல்!

விண்டோஸ் 7இன் உண்மையான எண் 7 இல்லை

விண்டோஸ் 7க்குள் பதிந்திருந்த பதிப்பு எண் 6.1. முந்தைய விஸ்டா 6.0. பல பழைய மென்பொருள்கள் முதல் எண் 6 என்றால்தான் ஓடும்படி எழுதப்பட்டிருந்தன; 7 என்று மாற்றினால் அவை முரண்டு பிடிக்கும். ஆகவே பெட்டி மேல் 7, உள்ளே 6.1. இன்றைய விண்டோஸ் 11க்குள்ளும் 10.0 என்றே இருக்கிறது. அங்கே '7' என்பதும் '11' என்பதும் எண்ணின் உடையில் வந்த பெயர்கள்.

இரண்டு மலைக்கு நடுவே ஒரு விடுதி

விண்டோஸ் எக்ஸ்பியின் பணிப்பெயர் 'விஸ்லர்'. கனடாவின் ஒரு மலை. அதற்கு அடுத்து எழுப்ப நினைத்த பெரிய மாற்றத்துக்குப் பக்கத்து மலையான 'பிளாக்கோம்ப்' பெயர். இடையில் சிறிதாக ஒன்று வெளியிடலாம் என்று எண்ணியபோது, அந்த மலையடிவாரத்து மதுவிடுதியின் பெயரைக் கொடுத்தார்கள்: 'லாங்ஹார்ன்'. சிறிதாகத் தொடங்கிய அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2007 தொடக்கத்தில் விஸ்டாவாகக் கடைக்கு வந்தது.

எண்ணுக்கு உரிமை கொண்டாட முடியாது

இன்டெல்லின் சில்லுகள் 286, 386, 486 என்று எண்ணாலேயே அறியப்பட்டன. போட்டி நிறுவனங்களும் அதே எண்ணைப் போட்டு விற்றன. '386' என்பதை வணிகச் சின்னமாக்க முடியாது என்று 1991இல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த சில்லுக்கு 586 என்று பெயர் வைக்காமல், கிரேக்க மொழியில் ஐந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1993இல் 'பென்டியம்' பிறந்தது. எண்ணை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பெயரைப் பட்டாப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் வியாபாரிகள் பெயரை விரும்பக் காரணம்.

ஒயிட்ஃபீல்டும் மௌஷிக்கும்

இன்டெல் தன் பணிப்பெயர்களை ஆறு, ஊர், மலை என்று நிலப்படத்திலிருந்து எடுப்பது வழக்கம். பெங்களூருவில் வடிவமைத்த ஒரு சில்லுக்கு அந்த நகரத்துப் புறநகரான 'ஒயிட்ஃபீல்டு' பெயர் கிடைத்தது. 2005இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. ஆனால் பெங்களூருப் பொறியாளர்கள் தளராமல் 2008இல் ஆறு கருக்கள் கொண்ட 'டன்னிங்டன்' சில்லைக் கொண்டுவந்தார்கள். சென்னை ஐஐடியின் 'சக்தி' திட்டத்திலும் சில்லுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: 'ரைஸ்கிரீக்', 'ரிமோ', 2020இல் வந்த 'மௌஷிக்'.

விரல்கள் தீர்ந்தால் அடுத்த எண்

லினக்ஸ் கருவில் 4.20க்குப் பிறகு 2019இல் 5.0 வந்தது. பெரிய மாற்றம் ஏதுமில்லை. கைவிரலும் கால்விரலும் தீர்ந்துவிட்டன, அதனால் முதல் எண்ணை மாற்றினேன் என்றார் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். ஆகவே எல்லா 5.0ம் இடித்துக் கட்டிய வீடாகிவிடாது. எண்ணைப் படிக்கும் முன் அந்தத் திட்டத்தின் வழக்கத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருபோதும் முடியாத எண்

டொனால்டு கனூத் எழுதிய அச்சுக்கோப்பு மென்பொருள் 'டெக்'. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் எண்ணில் பை மதிப்பின் ஓர் இலக்கம் கூடும். 2021இல் அது 3.141592653. தம் காலத்துக்குப் பிறகு எண்ணைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும், அதன்பின் ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். முழுமையை நெருங்கிக்கொண்டே இருப்பது, தொட்டுவிட்டதாகச் சொல்லாமல் இருப்பது: இத்தனை பணிவான பதிப்பு எண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டும் சேர்ந்த தீர்வு

ஆப்பிள் தன் மேக் கணினிகளின் இயங்குதளத்துக்கு முதலில் ஜாகுவார், டைகர், லெப்பர்ட் என்று பூனைக் குடும்பத்துப் பெயர்களை வைத்தது. 2013 முதல் கலிபோர்னியா மாநிலத்து இடங்களின் பெயர்கள். ஐபோனுக்கு ஓர் எண், மேக்குக்கு ஓர் எண், கடிகாரத்துக்கு ஓர் எண் என்று எண்கள் தனித்தனியே ஓடியதால் குழப்பம். 2025இல் எல்லாவற்றையும் 26 என்று ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். மேக்குக்கு மட்டும் 'டாஹோ' என்ற பெயரும் நின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை கண்ட வழிக்கே அவர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தமிழ் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே தொடங்கிய தமிழ் மென்பொருளுக்கு 'முரசு அஞ்சல்' என்று பெயர். சோஹோவின் உலாவிக்கு 'உலா', அரட்டைச் செயலிக்கு 'அரட்டை'. தமிழ்ச் சொல் மென்பொருளுக்குப் பொருந்தாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அடுத்த படி, பதிப்புகளுக்கும் தமிழ்ப் பெயர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணை காத்திருக்கிறது. மருதம் உழவரின் நிலம். உழவர்கரையில் யாராவது ஒரு மாணவர் தன் முதல் செயலிக்கு அந்தப் பெயரை வைத்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! பெயருக்குப் பக்கத்தில் 1.0 என்று எழுத மட்டும் மறக்க வேண்டாம்.

இன்றைக்கே செய்யலாம்

ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில், பெரும்பாலும் கடைசியாக, 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதி இருக்கும். அதைத் திறந்தால் பதிப்பு எண்ணும், கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த தேதியும் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெரியவரின் கைபேசி உறைக்குள் வையுங்கள். தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால், அந்தக் கைபேசியில் வங்கிச் செயலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதலில் அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பழுது பார்க்கப் போகும்போதும் 'அந்த நீலக் கலர் போன்' என்று விளக்காமல், தாளை எடுத்து நீட்டினால் போதும். கடைக்காரத் தம்பிக்கு வேலை பாதியாகக் குறையும்.